தீவன மக்காச்சோளத்தில் களை: கொத்தா, மருந்தா, மிஷினா?

விதைத்துப் பதினைந்து நாள் கழித்து மக்காச்சோளத் தோட்டத்துக்குள் போய் நின்றால் பயிரும் களையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். எல்லாருக்கும் அன்றைக்குத்தான் களை ஞாபகம் வரும். ஆள் கூப்பிடலாமா, மருந்து அடிக்கலாமா, களை எடுக்கிற மிஷினான பவர் வீடரை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிப்பார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் அதில் பாதி முடிவை விதைத்த நாளிலேயே நாம் எடுத்து முடித்திருக்கிறோம் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. வீசி விதைத்த பாத்திக்குள் எந்த மிஷினும் நுழையாது. ஊடுபயிராகத் தட்டைப்பயறு போட்டால் அட்ரசின் களைக்கொல்லியைத் தொடக்கூடாது. ஒரே நாளில் ரெண்டு ஏக்கர் விதைத்தவருக்கு ஆள் கிடைக்காது. ஆகவே களையை எப்படி எடுப்பது என்று கேட்பதற்கு முன்னால் எப்படி விதைத்தோம் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தானியத்துக்குப் போடும் மக்காச்சோளத்துக்கான களை நிர்வாகத்தை அப்படியே தீவனத்துக்கும் சொல்லிவிடுகிறார்கள். தானியப் பயிர் 100 நாளுக்கு மேல் நிற்கும், கதிர் மட்டும் வீட்டுக்கு வரும். தீவனத்துக்குப் போடும் ஆப்பிரிக்கன் டால் ரகத்தை 60 முதல் 65 நாளில், பூத்துப் பால் பிடிக்கும் சமயத்தில், அடியோடு வெட்டி மாட்டுக்குப் போடுகிறோம். மேலே தெளித்ததும் ஊடே வளர்ந்ததும் எல்லாம் சேர்ந்துதான் மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. கீழே எழுதியிருப்பது முழுக்க இந்த அறுபது நாள் கணக்கை வைத்துத்தான்.

எனக்கு ஒன்றேகால் ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம், கட்டுத்தறியில் ஆறு உருப்படி. பத்துப் பத்து சென்ட் துண்டுகளாக வாரம் ஒன்றோ பத்து நாளுக்கு ஒன்றோ விதைத்து, தினமும் வெட்டிப் போடுகிற ஏற்பாடு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சைலேஜுக்காக, அதாவது நறுக்கிக் குழியில் மூடிப் பதப்படுத்தும் தீவனத்துக்காக, மூன்று ஏக்கரை ஒரே மூச்சில் விதைத்து 85 நாள் வாக்கில் மிஷின் விட்டு வெட்டுகிறவர். எங்கள் இருவருக்கும் ஒரே களை, ஒரே மண். ஆனாலும் அவருக்கு ஒத்து வருவது எனக்கு ஒத்து வரவில்லை, எனக்குச் சரிப்பட்டது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

களையிலும் சாதி உண்டு

எல்லாக் களையும் விரோதி இல்லை. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, காக்காய்க்கால் புல் எல்லாம் மாடு விரும்பித் தின்னும். கைக்களை எடுத்த அன்று மாட்டுக்கு ஒரு வேளைத் தீவனம் அதிலேயே தேறிவிடும். சாரணையும் முள்ளுக்கீரையும் அப்படி இல்லை. இரண்டும் நைட்ரேட்டைச் சேர்த்து வைக்கும், சாரணையில் ஆக்சலேட்டும் அதிகம். யூரியா போட்டு வாட விட்ட தோட்டத்தில் இவை கொத்தாக வளர்ந்திருந்தால் அள்ளிப் போடக்கூடாது. பார்த்தீனியம் கலந்தால் பாலில் கசப்பு ஏறும். ஊமத்தை நஞ்சு. சைலேஜ் குழியில் போட்டு மூடினாலும் அந்த நஞ்சு போகாது. மிஷின் வெட்டில் ஊமத்தைச் செடி எங்கே போனது என்று கண்ணுக்கே தெரியாது என்பதால் சைலேஜ் போடுகிறவர்கள் வெட்டுவதற்கு முன் ஒரு தடவை உள்ளே நடந்து பார்ப்பது நல்லது.

கோரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

கைக்களை

பழைய வழிதான். விதைத்து 15 முதல் 20 நாளுக்குள் ஒரு களை எடுத்தால் தீவனப் பயிருக்குப் பெரும்பாலும் போதும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் என்று விதைத்திருந்தால் 35 நாளில் இலை மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் முளைக்கும் களை வெயில் கிடைக்காமல் வெளிறிப் போகும். தானியத்துக்குச் சொல்லும் 40ஆம் நாள் இரண்டாம் களை இங்கே வீண் செலவு.

செலவு என்று பார்த்தால், எங்கள் பக்கம் ஓர் ஆள் கூலி 400 ரூபாய்க்கு வந்துவிட்டது. வரிசை விதைப்பில் ஏக்கருக்கு எட்டு ஆளில் முடிகிற வேலை, வீசி விதைத்த தோட்டத்தில் பன்னிரண்டு ஆளையும் விழுங்கும். காரணம் எளிது. வரிசை இருந்தால் களைக்கொத்தை இழுத்துக்கொண்டே போகலாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு செடியையும் பார்த்துப் பார்த்துக் கொத்த வேண்டும். கூலியைவிடப் பெரிய பிரச்சினை ஆள் கிடைக்கும் நாள். நூறு நாள் வேலை, மஞ்சள் வெட்டு, கல்யாண மாதம் என்று ஏதாவது குறுக்கே வந்து பத்து நாள் தள்ளிப்போனால் களை பயிரை முந்திவிடும். 28ஆம் நாள் எடுக்கிற களைக்குக் கூலி அதிகம், பலன் குறைவு.

ஆனால் கைக்களையில் வேறு எதிலும் இல்லாத ஒரு லாபம் உண்டு. போன ஆடியில் களை எடுக்க வந்த அக்கா ஒருத்தர் பாதி வரிசையில் நிமிர்ந்து, "தம்பி, குருத்துல பொடி பொடியா எச்சம் கிடக்குது, புழு இறங்கிருச்சு பாருங்க" என்றார். படைப்புழு. 2018இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளம் போடுகிற எல்லாருக்கும் தெரிந்த சனியன்தான். ஆனால் அன்றைக்கு இருந்தது முழங்கால் உயரப் பயிரில் நாலைந்து செடி. அந்தப் பத்து சென்ட்டில் குருத்தைப் பிரித்துப் புழுவைக் கையாலேயே நசுக்கி முடித்துவிட்டோம். மருந்து அடித்த தோட்டமாக இருந்தால் ஒரு வாரம் கழித்து ஓட்டை இலையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டிருப்பேன்.

சைக்கிள் வீடர், பவர் வீடர்

ஒற்றைச் சக்கரம் வைத்துத் தள்ளுகிற சைக்கிள் வீடர் 30 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் போகும். நின்றபடியே செய்கிற வேலை என்பதால் இடுப்பு பிழைக்கும். மண் பதமாக இருக்கும்போது என் ஒருவனால் ஒரு நாளில் கால் ஏக்கர் ஓட்ட முடிகிறது. ஈரம் அதிகமாக இருந்தால் பிளேடில் மண் அப்பிக்கொள்ளும். அதைவிட மோசம், பிடுங்கிய களை ஈர மண்ணில் திரும்ப வேர் பிடிக்கும். தண்ணீர் விட்டு மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள், காலையில் ஓட்டினால் மத்தியான வெயிலில் களை சருகாகிவிடும்.

பவர் வீடருக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இங்கேதான் தீவனக்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். இடைவெளியை அகலமாக்கினால் தட்டு தடிக்கும், மாடு அடித்தண்டைக் கழிக்கும். நெருக்கி விதைத்தால் தண்டு மெலிந்து முழுதாகத் தின்னும், மிஷின் போகாது. சைலேஜுக்கு நறுக்கித்தான் போடப்போகிறோம் என்பதால் தடித்த தண்டு அங்கே பிரச்சினை இல்லை. அவர்களுக்கு 60 சென்டிமீட்டர் வரிசையும் பவர் வீடரும் நன்றாகவே பொருந்தும். ஓட்டும்போதே மண் அணைந்துவிடுவதால் காற்றில் சாய்வதும் குறையும். ரெண்டு மிஷினுக்கும் பொதுவான குறை, செடிக்குச் செடி நடுவே இருக்கிற களையைத் தொடாது. அதற்குப் பின்னாலேயே ஓர் ஆள் கையால் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும்.

நெருக்கி விதைத்தால் களை அமுங்கிவிடும் என்று விதையை அள்ளி வீசுகிற பழக்கமும் உண்டு. எக்டருக்கு 40 கிலோ, அதாவது ஏக்கருக்கு 16 கிலோதான் ஆப்பிரிக்கன் டாலுக்கான பரிந்துரை. 25, 30 கிலோ வீசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். களை குறைவது நிஜம். ஒரு மழைக்காற்றில் மொத்தமும் படுத்துவிடுவதும் நிஜம்.

அட்ரசின்

செலவைப் பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. விதைத்து மூன்றாம் நாள், மக்காச்சோளம் வெளியே தலை காட்டுவதற்கு முன், மண்மேல் தெளிக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை 50 சதத் தூளில் எக்டருக்கு 500 கிராம். அது ஏக்கருக்கு 200 கிராம். பாக்கெட் லேபிளில் எக்டருக்கு 1 முதல் 2 கிலோ என்று போட்டிருக்கும். கடைக்காரர் ஏக்கருக்கு அரைக் கிலோ என்பார். நம் செம்மண்ணுக்குக் குறைந்த அளவே போதும். களிமண்ணும் மக்கும் அதிகம் உள்ள மண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே கொஞ்சம் அதிகம் தேவைப்படும்.

இது வேலை செய்வதற்கு ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணில் அடித்துவிட்டு "டூப்ளிகேட் மருந்து" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர். விசிறி நாசில் போட்டு, அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடந்து அடிக்க வேண்டும். மண்மேல் படியும் படலம்தான் முளைக்கும் களையைக் கொல்கிறது. அதைக் காலால் கலைத்தால் கால் தடம் தடமாகச் சாரணை முளைத்து நிற்கும், பார்த்தாலே தெரியும்.

சாரணை, முள்ளுக்கீரை, நாய்க்கடுகு போன்ற அகல இலைக் களைகள் இதற்கு நன்றாகக் கேட்கும். புல்லில் பாதிதான். கோரையை ஒன்றும் செய்யாது. மக்காச்சோளம் மட்டும் பிழைப்பதற்குக் காரணம், அந்தச் செடிக்கு அட்ரசினை உடைத்து விஷமில்லாமல் ஆக்கிக்கொள்ளும் சக்தி உண்டு.

இனி எதிர்ப்பக்கம். மண்ணில் நாள்பட நிற்கும். மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளமே போடுகிறவருக்குத் தெரியாது. அதே துண்டில் அடுத்து பயறோ தக்காளியோ எள்ளோ போட்டால் முளைத்த கொஞ்ச நாளில் இலை ஓரம் கருகும். தண்ணீரோடு கீழே இறங்குகிற குணமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலத்தடி நீரைக் காரணம் காட்டித்தான் இதை நிறுத்தினார்கள். நம் மத்திய அரசும் 2020 மே மாதம் வெளியிட்ட 27 மருந்துகளுக்கான தடை வரைவில் அட்ரசினைச் சேர்த்திருந்தது, கடைசியில் தடை வரவில்லை. குடிக்கிற கிணறும் பாய்கிற கிணறும் ஒன்றாக இருக்கிற என்னைப் போன்றவர்கள் வருடத்துக்கு நான்கைந்து போகம் இதையே அடிப்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெட்டும் நாளும் முக்கியம். அமெரிக்க லேபிளில், அட்ரசின் அடித்த மக்காச்சோளத்தைப் பசுந்தீவனமாக வெட்ட 60 நாள் இடைவெளி சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அடித்து 63, 65ஆம் நாள் வெட்டினால் கணக்கு ஒத்துவரும். தீவனம் தீர்ந்துபோய் 45ஆம் நாளே அரிவாளை எடுத்தால் ஒத்துவராது. தீவனம் தீராத வீடு எங்கே இருக்கிறது? அதே போல் மருந்து அடித்த துண்டில் நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துப் பிடுங்கி மாட்டுக்குப் போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

முளைத்த பின் அடிப்பவை

டெம்போட்ரையோன், டோப்ரமிசோன் என்று இரண்டு மருந்துகள் வந்தபின் மக்காச்சோளக்காரர்களின் கவலை பாதி குறைந்தது. களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது அடிக்க வேண்டும், அதாவது விதைத்து 15 முதல் 20 நாள். டெம்போட்ரையோன் ஏக்கருக்கு 115 மில்லி, கூடவே கொடுக்கும் ஒட்டு திரவத்தையும் சேர்த்தாக வேண்டும். அடித்த நாலைந்து நாளில் களையின் குருத்து பால் வெள்ளையாக மாறும். பச்சையத்தைக் காக்கிற நிறமி உருவாகாமல், பச்சையம் வெயிலில் சிதைந்து போவதால் வருகிற வெளுப்பு அது. புல், அகல இலை இரண்டையும் எடுக்கும். விலை அட்ரசினைப் போலப் பல மடங்கு. இருந்தாலும் ஆள் கூலியோடு ஒப்பிட்டால் ஏக்கர் கணக்கில் மலிவுதான்.

இதில் என் குடும்பத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என் மச்சான் கோ எப்.எஸ். 31 போட்டிருந்தார், பல வெட்டுத் தீவனச் சோளம். கடைக்குப் போய் "சோளத்துக்குக் களைக்கொல்லி" என்று கேட்டிருக்கிறார். கடையில் இருந்தவர் மக்காச்சோளத்துக்கு உள்ளதை எடுத்துக் கொடுத்துவிட்டார். நம் ஊர்ப் பேச்சில் இரண்டுமே சோளம்தானே. ஒரு வாரத்தில் களையோடு சேர்ந்து சோளமும் வெளுத்தது. இலை நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் ஊதா. தூரத்திலிருந்து பார்த்தால் தும்பைப் பூத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் மருந்து சரியாகப் படாத ரெண்டு வரிசை மட்டும் தேறியது. டெம்போட்ரையோனும் டோப்ரமிசோனும் மக்காச்சோளத்துக்கு உள்ளவை. நாட்டுச் சோளம், கோ எப்.எஸ். 29, 31 எதற்கும் ஆகாது. கடையில் "மக்காச்சோளம்" என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள், கொடுத்ததன் லேபிளையும் படித்துப் பாருங்கள்.

தீவனக்காரருக்கு இதில் இருக்கும் இடைஞ்சல் நாள் கணக்கு. 20ஆம் நாள் அடித்து 60ஆம் நாள் வெட்டினால் இடையில் 40 நாள்தான். சைலேஜுக்கு 85 நாள் விடுகிறவருக்குத் தாராளமான இடைவெளி. என்னைப் போலத் துண்டு துண்டாகப் போடுகிறவருக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் பக்கத்துத் துண்டு. 18 நாள் பயிருக்கு மருந்து அடிக்கிறேன், எட்டடி தள்ளி நாளைக்குக் காலையில் மாட்டுக்கு வெட்டப்போகும் 62 நாள் பயிர் நிற்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாரைக் கேட்பது? போதாததற்குப் பத்து சென்ட்டுக்கு 11.5 மில்லி அளக்க வேண்டும். மூடியில் ஊற்றி உத்தேசமாகக் கலந்தால் ரெண்டு பங்கு விழுந்துவிடும்.

கோரை

கோரை மண்டிய தோட்டத்தில் மேலே சொன்ன எதுவும் முழுதாகக் கை கொடுக்காது. கொத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப விரல் நீளம் நிற்கும். ரோட்டவேட்டர் விட்டால் கிழங்குச் சங்கிலியை அறுத்து ஒன்றைப் பத்தாக்கித் தோட்டம் முழுக்க நட்டுக் கொடுக்கும். ஹாலோசல்பியூரான் ஏக்கருக்கு 36 கிராம், கோரை மூன்று முதல் ஐந்து இலையில் இருக்கும்போது அடித்தால் கேட்கிறது. ஆனால் பொறுமை வேண்டும். மஞ்சளாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் "வேலை செய்யல" என்று நம்மாட்கள் இன்னொரு டேங்க் அடித்துவிடுவார்கள்.

மருந்தில்லாமல் என்றால் கோடை உழவுதான். கிழங்கில் பெரும்பகுதி மேல் அரையடி மண்ணில் இருக்கிறது. சித்திரை வெயிலில் கட்டியாகப் புரட்டிப் போட்டு, அந்தக் கிழங்கு காய்ந்து சுருங்க விட வேண்டும். வருடம் முழுக்கப் பச்சை வேண்டும் என்கிற மாட்டுக்காரர் ஒரு மாதம் நிலத்தைச் சும்மா போடுவது கஷ்டம்தான், தெரியும். கோரை ரொம்ப முற்றிவிட்ட மூலையில் மக்காச்சோளத்தோடு மல்லுக்கட்டாமல் கம்பு நேப்பியர் தீவனப் புல் கரணையை நட்டுவிடுவது என் வழி. அது ஒரு தடவை தூர் கட்டி நிழல் விழுந்துவிட்டால் கோரை ஒடுங்கும்.

முளைக்க விட்டு உழுவது

களை எடுக்கும் முறைகளில் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அதிகம் பலன் கொடுத்தது இதுதான். உழுது பாத்தி கட்டியதும் விதைக்காமல் தண்ணீர் மட்டும் விட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் மேல் மண்ணில் இருக்கிற களை விதையெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி முளைத்துவிடும். அதை மேலாக, ரெண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மட்டும் கல்டிவேட்டரால் கலைத்துவிட்டு அன்றோ மறுநாளோ விதைக்க வேண்டும். ஆழமாக உழுதால் கீழே தூங்குகிற விதையை மேலே கொண்டுவந்து விடுவோம், செய்த வேலை வீண்.

ஒரு தண்ணீர், ஓர் உழவு, பன்னிரண்டு நாள். மூன்று ஏக்கரை ஒன்றாக விதைப்பவருக்கு அந்தப் பன்னிரண்டு நாள் பெரிய விலை. துண்டு துண்டாகப் போடுகிறவருக்கு அது விலையே இல்லை, ஏனென்றால் எப்படியும் ஒரு துண்டு வரிசையில் காத்திருக்கும். இப்படிச் செய்த துண்டில் 18ஆம் நாள் களைக்கு நானும் வீட்டில் ஒருவரும் ரெண்டு சாயங்காலம் இறங்கினால் போதுமாக இருக்கிறது.

களை விதை எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். நம் குப்பைமேட்டிலிருந்துதான். மாடு தின்ற முள்ளுக்கீரை விதை சாணத்தில் முழுசாக வந்து, மக்காத குப்பையோடு திரும்பத் தோட்டத்துக்கே போகிறது. குவித்து, சூடேறி, ஒரு தடவை புரட்டி மக்க வைத்த எருவில் பெரும்பாலான விதை செத்துவிடும். சைலேஜ் குழியிலும் பல விதைகள் முளைப்புத்திறனை இழக்கின்றன. பச்சைச் சாணக் கரைசலைத் தண்ணீரோடு விடுகிறவர்கள் எந்த மருந்து அடித்தாலும் களை தீராது.

தட்டைப்பயறு ஊடுபயிர்

மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தீவனத் தட்டைப்பயறு. கொடி படர்ந்து இடைவெளியை மூடும், தீவனத்தில் புரதமும் ஏறும். மருந்து வேண்டுமானால் அட்ரசினுக்குப் பதில் பெண்டிமெத்தலின், ஏக்கருக்கு ஒரு லிட்டர், அதே மூன்றாம் நாள். முளைத்த பின் அடிக்கும் மருந்துகள் பயறையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்பதால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. தீவனத் தரத்துக்காக இதைப் போடலாம். களைக்காக மட்டும் போட வேண்டியதில்லை, ஏனென்றால் பயறு படர்வதற்குள் களை படர்ந்துவிடுகிறது.

சரி, யாருக்கு எது?

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் நிலையில் நான் இருந்தால், 60 சென்டிமீட்டர் வரிசையில் விதைத்து, ஈரம் பார்த்து அட்ரசினைக் குறைந்த அளவில் அடித்து, 20ஆம் நாள் உள்ளே நடந்து பார்ப்பேன். களை தாங்குகிற அளவில் இருந்தால் பவர் வீடர் ஓட்டி மண் அணைப்பேன், மீறியிருந்தால் டெம்போட்ரையோன். இரண்டு மருந்தையும் வழக்கமாக அடிக்க வேண்டும் என்று சொல்கிறவர் மருந்து விற்பவராக இருக்கலாம். யூரியா மேலுரம் போடும் 30ஆம் நாளுக்குள் களை தீர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த யூரியா சாரணைக்குப் போட்டதாகிவிடும்.

பத்து மாட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு தினமும் வெட்டிப் போடுகிறவர்கள் களைக்கொல்லி வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முளைக்க விட்டு உழுது, 30 சென்டிமீட்டர் கயிறு பிடித்து விதைத்து, பதினைந்தாம் நாள் சைக்கிள் வீடர், வரிசைக்குள் கையால் ஒரு தடவை. வீசி விதைப்பதைவிட விதைக்கிற அன்றைக்கு அரை நாள் அதிகம் ஆகும், அதற்குப் பயந்துதான் பலரும் வீசுகிறார்கள். ஆள் அறவே கிடைக்காத மாதத்தில் ஒரு தடவை அட்ரசின் அடித்தால் தப்பில்லை, அடித்து 60 நாள் ஆவதற்கு முன் அந்தத் துண்டில் கை வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

என் நான்காம் துண்டுக்குத் தண்ணீர் விட்டு இன்றோடு ஒன்பது நாள். சாரணை காசு காசாக மண்ணோடு ஒட்டி விரிந்திருக்கிறது, நடுநடுவே தொய்யக்கீரை. சனிக்கிழமை கல்டிவேட்டர் வருவதற்குள் கீரையை மட்டும் கிள்ளிவிட வேண்டும், அது எங்கள் வீட்டுக்கு.